வெட்டு இல்லாத மூன்று நிமிடம்

திங்கட்கிழமை காலை பத்து மணிக்குச் சேனலில் நிபந்தனை முடிவாகிவிடும். வாரம் முழுக்க எத்தனை பேர் என்ன எழுதியிருந்தாலும் சரி, பத்து மணிக்கு எந்த கமெண்டுக்கு லைக் அதிகமோ அதுதான் அந்த வாரப் படத்துக்குச் சட்டம். மீறக் கூடாது, வளைக்கக் கூடாது, இதெல்லாம் நடக்கிற காரியமா என்று கேட்கவும் கூடாது. ஒரு வாரம் யாருடைய முகமும் தெரியக் கூடாது என்றார்கள். இன்னொரு வாரம் நடிப்பவர் நாற்காலியை விட்டு எழக் கூடாது என்றார்கள். யாரோ ஒரு புண்ணியவான் படத்தில் மூன்று தும்மல் வேண்டும் என்று எழுத, அதற்கும் நூற்றிருபது பேர் லைக் போட, கேமராக்காரரின் மச்சான் மிளகுப்பொடி டப்பாவும் கையுமாக உட்கார்ந்து கண் சிவக்கத் தும்மித் தொலைத்தான்.

அந்தத் திங்கட்கிழமை நிபந்தனையைப் படித்துச் சொன்னவனும் மச்சான்தான். கூரியர் ஆபீஸில் அவனுக்கு மதியம்தான் வேலை. காலையில் அக்கா வீட்டு டீயைக் குடிக்காமல் அவனுக்குப் பொழுது விடியாது.

"உள் அறைக் கதவுக்குப் பின்னால் இருக்கும் பென்சில் கோடுகள் படத்தில் வர வேண்டும். அவற்றைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசக் கூடாது." படித்துவிட்டு அவன் நிமிர்ந்தான். "எழுதினது 'கடைசி வரிசை'. இருநூத்திப் பன்னண்டு லைக்."

கேமராக்காரரின் மனைவி ஒரு சட்டையை மடியில் வைத்துக்கொண்டு பொத்தானுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். தையல் கடையில் மிஞ்சுகிற வேலையை வீட்டுக்குக் கொண்டுவருவாள். ஊசியைச் சட்டையிலேயே குத்தி வைத்துவிட்டு எழுந்து உள் அறைக்குப் போனாள். அந்த அறைக் கதவு எப்போதும் சுவரோடு சாய்ந்து திறந்தே கிடக்கும். சாத்தினால்தான் பின்னால் இருக்கும் சுவர் தெரியும். அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். வெளியே வந்தபோது மூக்கு நுனி சிவந்திருந்தது.

"அவன்தாங்க," என்றாள்.

அவன் என்றால் மகன். மூன்று வருஷத்துக்கு முன்னால், இருபத்திரண்டு வயதில், சின்ன ட்ரைபாடையும் இரண்டு சட்டையையும் எடுத்துக்கொண்டு வீட்டை விட்டுப் போனவன். வேறு யாருக்கு அந்தக் கோடுகள் தெரியும்? ஆறு வயதிலிருந்து பதினாறு வயது வரை, பிறந்த நாளுக்குப் பிறந்த நாள் அவனைச் சுவரோடு ஒட்டி நிற்க வைத்து, தலைக்கு மேல் ஸ்கேல் வைத்து அவள் போட்ட கோடுகள். வீட்டுக்கு வருகிறவர்கள் யாரும் பார்த்ததில்லை. மச்சானே பார்த்ததில்லை.

இந்தப் படம் எடுக்கிற பைத்தியமும் அவனுடையதுதான். அப்பாவோடு கல்யாண வீடியோ வேலைக்குப் போய்க்கொண்டே, மிச்ச நேரத்தில் இந்தச் சேனலை ஆரம்பித்தான். அவன் எழுதி ஒட்டிய காகிதம் இன்னும் கம்ப்யூட்டருக்கு மேலே சுவரில் இருக்கிறது. மூன்று நிமிடம். ஒரே ஷாட். வெட்டு கிடையாது. அதிக லைக் வாங்கியதே சட்டம். ஆறு படம் எடுத்தான், முப்பத்தொரு பேர் சேர்ந்தார்கள். அப்புறம் போய்விட்டான்.

ஏன் போனான் என்று மனைவி கேட்டபோது கேமராக்காரர் சுருக்கமாகத்தான் சொன்னார். ஒரு கல்யாணத்தின் மெமரி கார்டை அழித்துவிட்டான், நாலு வார்த்தை கேட்டேன், ரோஷம் வந்து கிளம்பிவிட்டான் என்றார். நாலு வார்த்தை என்பது அவர் கணக்கு. அவள் அதற்கு மேல் துருவவில்லை. நம்பர் செத்துப்போயிருந்தது. நண்பர்கள் கையை விரித்தார்கள். போலீஸில் எழுதிக் கொடுத்தார்கள். வயசு வந்த பையன், தானாகப் போயிருக்கிறான், தானாக வருவான் என்று அங்கே சொல்லி அனுப்பினார்கள்.

பதினாலாவது மாதம் ஒரு நாள் அவள் மகனின் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். சேனல் திறந்த மேனிக்கு இருந்தது. "இது அவனோட கடைங்க. கடை திறந்திருந்தா என்னிக்காவது ஒரு நாள் எட்டிப் பார்ப்பான்," என்றாள். கேமராக்காரர் மறுத்துப் பேசவில்லை. மறுத்துப் பேசுகிற யோக்கியதை தனக்கு இல்லை என்று அவருக்கு மட்டும் தெரியும். அன்றைக்குப் பிடித்தது, வாரா வாரம் ஒரு படம், தொண்ணூறைத் தாண்டிவிட்டார்கள். அவள் நடிப்பாள், அவர் எடுப்பார், மச்சான் பின்மண்டை, கை, நிழல் என்று கிடைத்த வேஷத்தைக் கட்டுவான். தன் பின்மண்டைக்குத் தனி ரசிகர் கூட்டம் இருப்பதாக அவன் ஆபீஸில் சொல்லிக்கொள்வதும் உண்டு.

வேடிக்கை என்னவென்றால் படங்கள் பிடித்துப்போயின. அவள் வாயைத் திறக்காமல் ஒரு பொத்தானைத் தைத்தால் போதும், ஜனங்கள் உருகினார்கள். முப்பத்தொரு பேர் நாலாயிரம் ஆனார்கள். நாலாயிரத்தில் அவன் ஒருவனா என்பதுதான் தெரியவில்லை. பாஸ்வேர்டு அவன் வைத்ததுதான். பிடிக்கவில்லை என்றால் அதை மாற்றி இவர்களை வெளியே தள்ளியிருக்கலாம். அதைக்கூட அவன் செய்யவில்லை. கேமராக்காரரை உறுத்தியது அதுதான். கோபம் இருக்கிற வரைக்கும் ஆள் இருக்கிறான் என்றாவது வைத்துக்கொள்ளலாம்.

'கடைசி வரிசை' வந்து சேர்ந்தது எண்பதாவது படத்துக்குப் பக்கத்தில். பெயர் இல்லை, முகம் இல்லை, ஒரு காலி நாற்காலியின் படம் மட்டும். குழாய் சொட்டும் சத்தம் வேண்டும் என்று ஒரு முறை எழுதியது. இவர்கள் வீட்டு அடுப்படிக் குழாய் பத்து வருஷமாகச் சொட்டுகிறது. கால் குட்டையான நாற்காலியில் ஒருவர் உட்கார வேண்டும் என்று இன்னொரு முறை. அந்த நாற்காலிக்கு அட்டையை மடித்து முட்டுக் கொடுத்ததே மகன்தான். அவள் ஒவ்வொன்றையும் மனசில் முடிச்சுப் போட்டு வைத்துக்கொண்டாள். எல்லாம் நம்ம பழைய படங்களில் தெரிந்திருக்கும் என்று மச்சான் வாயை விட்டுவிட்டு, இரண்டு நாள் அக்கா கையால் டீ இல்லாமல் திண்டாடினான்.

பென்சில் கோடு என்றதும் அவனும் அடங்கிவிட்டான். "இது எப்படி மாமா?" என்று மெதுவாகக் கேட்டான். உண்மையைச் சொன்னால், கேமராக்காரருக்கும் அது மகன்தான் என்று தோன்றியது. பையன் உயிரோடு இருக்கிறான் என்ற சந்தோஷம் பாதி, வந்து நின்று என்ன கேட்பானோ என்ற பயம் பாதி.

புதன்கிழமை அவளுக்குக் கடை லீவு. மத்தியானம் ஜன்னல் வெளிச்சம் அந்தச் சுவரில் விழுகிற நேரம் பார்த்து எடுத்தார்கள். அவள் தைத்து முடித்த சட்டையோடு அறைக்குள் வந்து கதவைச் சாத்துகிறாள். சுவரில் முதுகை ஒட்டி நிற்கிறாள். பன்னிரண்டாவது வயசுக் கோடு அவள் தலையைத் தொடுகிறது. திரும்பி, எட்டி, கடைசிக் கோட்டின் மேல் சட்டையின் தோள்பட்டையை வைத்துப் பார்க்கிறாள். பென்சிலை எடுத்து அதற்கு மேலே ஒரு விரற்கடை இடம் விட்டுப் பிடிக்கிறாள். கோடு போடவில்லை. எவ்வளவு உயரம் என்று தெரியாமல் எங்கே போடுவது? மூன்று நிமிடம் முடிந்தபோது கேமராக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் பொத்தானை அமுக்கினார்.

மறுநாள் அவள் கடைக்குப் போன பிறகு படத்தை ஏற்ற உட்கார்ந்தார். முகப்பில் போட ஒரு நல்ல ஸ்டில் வேண்டும், பழைய படங்களில் எதையெல்லாம் போட்டிருக்கிறோம் என்று புரட்டினார். ஒன்பதாவது படத்தில் கை நின்றுவிட்டது.

உள் அறையில் எடுத்த படம் அது. அவள் மடித்த துணிகளை பீரோவில் வைக்கிறாள். பீரோக் கதவில் ஆள் உயரக் கண்ணாடி. கதவு திரும்பும்போது கண்ணாடியும் திரும்புகிறது. ஒன்றே முக்கால் நிமிடத்தில், இரண்டு விநாடி, சாத்திய அறைக் கதவுக்குப் பக்கத்துச் சுவர் அதில் பளிச்சென்று விழுகிறது. பதினொரு கோடும் ஏணி மாதிரி.

இருபத்தைந்து வருஷமாகக் கல்யாண மண்டபம் மண்டபமாகக் கண்ணாடியைப் பார்த்து ஃப்ரேம் வையுங்கள் என்று எத்தனை பேரைத் திட்டியிருப்பார். மகன் முதன்முதலில் கேமராவைத் தூக்கிய அன்றைக்குச் சொல்லிக் கொடுத்ததும் அதுதான். அந்த மனுஷன் தன் வீட்டுக் கண்ணாடியைப் பார்க்கவில்லை. இரண்டு வருஷமாக அது உலகத்துக்கே திறந்து கிடந்திருக்கிறது, வேலை வெட்டி இல்லாத எவனோ நிறுத்தி நிறுத்திப் பார்த்திருக்கிறான். அவ்வளவுதான் விஷயம். அவர் அந்த இரண்டு விநாடியைப் பதினைந்து தடவை போட்டுப் பார்த்தார். போடப் போட உள்ளே என்னவோ இற்று விழுந்தது.

ஒன்பதாவது படத்தை அழித்துவிடலாமா என்று தோன்றியது. அழித்துவிட்டால் அவளுக்குத் தெரியவே தெரியாது. அழிக்கவா என்று கம்ப்யூட்டர் கேட்ட இடம் வரைக்கும் போனார். அதற்கு மேல் விரல் ஓடவில்லை. சாயங்காலம் அவள் வந்ததும் வராததுமாக அவன் ஏதாவது எழுதினானா என்று கேட்டாள். இன்னும் இல்லை என்றார். கண்ணாடியைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. மூன்று வருஷத்துக்கு அப்புறம் அந்த வாரம்தான் அவள் அடுப்படியில் பாட்டை முணுமுணுத்தபடி பாத்திரம் கழுவினாள். அதைக் கெடுக்க எவனுக்கு மனசு வரும்?

அடுத்த திங்கட்கிழமையும் 'கடைசி வரிசை'தான் ஜெயித்தது. ஒருவர் இதுவரை யாரிடமும் சொல்லாத உண்மை ஒன்றைக் கேமராவைப் பார்த்துச் சொல்ல வேண்டும், நடிப்பாக இருக்கக் கூடாது. மச்சான் படித்து முடிப்பதற்குள் அவள் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள்.

"உங்ககிட்டதாங்க கேக்கறான்."

அவர் கேமரா லென்ஸைத் துடைக்க ஆரம்பித்தார்.

"அன்னிக்கு மண்டபத்துல என்ன நடந்துச்சுன்னு நீங்க முழுசா சொல்லலைன்னு எனக்குத் தெரியாதா? அவன் கேக்கறான். சொல்லிடுங்க."

கேட்பது அவன் இல்லை என்று அந்த நிமிஷமே சொல்லியிருக்கலாம். சொன்னால் அவள் முகம் என்ன ஆகும் என்று நினைத்தார். சொல்லாவிட்டால், முன்பின் தெரியாத ஒருத்தனுக்காகத் தன் மனசில் இருப்பதை எல்லாம் கொட்ட வேண்டும். இரண்டில் எது சுலபம் என்று இரண்டு நாள் யோசித்தார். இரண்டும் சுலபமாக இல்லை. புதன்கிழமை குட்டைக் கால் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். முதல் தடவையாக அவள் கேமராவுக்குப் பின்னால் நின்றாள்.

ஒரே ஷாட்டில் சொன்னார். அந்தக் கல்யாணத்தில் மகன் எடுத்த கார்டு ஒன்று, அவர் எடுத்தது ஒன்று. சாப்பாட்டு வேளையில் ஒரு கார்டை அழித்துப் புதிதாகப் போட்டார்கள். அது படம் இருந்த கார்டு. பெண் வீட்டார், பிள்ளை வீட்டார், சமையல்காரர்கள் எல்லாரும் பார்க்க, மண்டபத்து நடுவில் மகனைக் கன்னத்தில் அறைந்தார். கார்டுக்காகவா அறைந்தேன், என் கை அரிப்பு என்றார். நீ செத்தாலும் எனக்குச் சொல்லி அனுப்பாதே என்று சொன்னதையும் சொன்னார். மகன் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் பையைத் துழாவும்போது மகனுடைய கார்டு பத்திரமாக உறையில் இருந்தது. அழிந்தது அவருடையது, அழித்தது அவருடைய விரல்.

"மூணாம் நாளே தெரியும். உங்கம்மாகிட்டகூட சொல்லல," என்றார். அதோடு பேச்சு நின்றுவிட்டது.

இரண்டே கால் நிமிடம்தான் ஆகியிருந்தது. கேமரா ஓடிக்கொண்டே இருந்தது. அவள் நிறுத்தவில்லை. பின்னாலிருந்து நடந்து வந்து நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றாள். புருஷனைப் பார்க்கவில்லை, கேமராவைத்தான் பார்த்தாள்.

"சிட்டு, கேட்டியா? தப்பு உம்மேல இல்லடா. வாசல் திறந்துதான் இருக்கு. வாடா."

மிச்ச நேரம் முழுக்க இரண்டு பேரும் அப்படியே இருந்தார்கள். அன்றைக்கும் மறுநாளும் அவள் அவரோடு பேசவில்லை. சண்டையும் போடவில்லை. சாப்பாட்டைப் போட்டு வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். ஆனால் வாசல் கதவை மட்டும் பகல் முழுக்கத் திறந்தே வைத்திருந்தாள்.

படம் பிய்த்துக்கொண்டு ஓடியது. ஐயா நடிப்பு அபாரம் என்றார்கள். அந்த அம்மா கடைசியில் ஃப்ரேமுக்குள் வருகிற இடத்தில் உடம்பு சிலிர்த்துவிட்டது என்றார்கள். எங்கே பயிற்சி எடுத்தீர்கள் என்று ஒருவர் கேட்டிருந்தார். நடிப்பாக இருக்கக் கூடாது என்பதுதான் நிபந்தனை என்பதை ஒருத்தரும் நினைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

திங்கட்கிழமை பத்து மணிக்கு மச்சான் படிக்க ஆரம்பித்தான். இரண்டு வரி படித்ததும் நிறுத்தி, டீ சூடாக இருக்கிறது என்றான். அவள் கையை நீட்டி போனை வாங்கித் தானே படித்தாள்.

'கடைசி வரிசை' நீளமாக எழுதியிருந்தது. முதுகில் அடிபட்டு இரண்டு வருஷமாகப் படுக்கையில் கிடக்கிறேன். உங்கள் படங்களை ஒவ்வொன்றாகப் பத்துத் தடவை பார்த்திருக்கிறேன், உங்கள் வீடு எனக்கு என் வீட்டைவிட நன்றாகத் தெரியும். ஒன்பதாவது படத்தில் பீரோக் கண்ணாடியில் அந்தக் கோடுகளைக் கண்டுபிடித்த அன்றைக்கு எனக்கு அவ்வளவு சந்தோஷம். சிட்டு யார் என்று முதலில் புரியவில்லை. அப்புறம் இருபத்துமூன்றாவது படத்தில் சாப்பாட்டு டப்பா மூடியில் அந்தப் பெயர் கீறியிருப்பதைப் பார்த்தேன். எவ்வளவு நுணுக்கமாக யோசித்திருக்கிறீர்கள். அடுத்த படத்துக்கு என் நிபந்தனை ஒன்றே ஒன்று. மகன் வரக் கூடாது. வந்துவிட்டால் எல்லாக் கதையையும் போல ஆகிவிடும்.

அறுநூற்று நாற்பது பேர் லைக் போட்டிருந்தார்கள்.

அவள் போனைத் தம்பியிடம் திருப்பிக் கொடுத்தாள். நீ ஆபீஸுக்குக் கிளம்பு என்றாள். டீயைப் பாதியில் வைத்துவிட்டு அவன் செருப்பை மாட்டிக்கொண்டு போனான். அவன் தெருமுனை திரும்பிய பிறகுதான் அவள் கேட்டாள்.

"கண்ணாடி விஷயம் உங்களுக்குத் தெரியுமா?"

தெரியும் என்றார். எப்போதிலிருந்து என்று கேட்டாள். போன வாரத்துக்கு முந்தின வாரம், வியாழக்கிழமை என்றார்.

"அப்போ அது அவன் இல்லைன்னு தெரிஞ்சுதான் உக்காந்து பேசினீங்களா?"

"ஆமா."

"யாருக்குச் சொன்னீங்க அதையெல்லாம்?"

"உனக்குத்தான்."

அவள் அழவில்லை. "நான் மூணு வருஷமா இதே வீட்டுலதானே இருந்தேன்," என்றாள். "கேமரா எதுக்கு?"

பத்து நாளுக்கு முன்னால் அடுப்படியில் பாட்டை முணுமுணுத்த பெண் இவள்தானா என்று அவருக்கு இருந்தது. அவள் போய்க் குட்டைக் கால் நாற்காலியை இழுத்துவந்து திறந்த வாசலைப் பார்க்கப் போட்டாள். அட்டை நழுவியிருந்ததை மறுபடி மடித்துக் காலுக்கு அடியில் செருகினாள்.

"எடுங்க," என்றாள்.

"இன்னிக்கு வேண்டாமே."

"சட்டம் சட்டம்தானே. அவன் போட்ட சட்டம். அவன் வரக் கூடாதாம். அது ஒண்ணுதான் நமக்குக் கஷ்டமே இல்லாத நிபந்தனை."

அவர் ட்ரைபாடை நிறுத்தினார். கண்ணாடி எங்கேயாவது விழுகிறதா என்று பழக்கதோஷத்தில் பார்த்தார், ஒன்றும் இல்லை. அவளுடைய முதுகு, நாற்காலி, வாசல், வாசலுக்கு வெளியே வெயில் காய்கிற தெரு. சிவப்பு விளக்கு எரிந்தது. சைக்கிளில் ஒருவர் போனார். பக்கத்து வீட்டுக்காரி பால் பாக்கெட்டோடு போகிறபோக்கில் உள்ளே பார்த்துச் சிரித்துவிட்டு, கேமராவைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டு ஓடினாள். ஒரு நாய் வந்து படியில் மோந்து பார்த்துவிட்டுப் போயிற்று. வேறு யாரும் வரவில்லை.

மூன்று நிமிடம் ஆயிற்று. நிறுத்தட்டுமா என்று கேட்டார். இன்னும் கொஞ்சம் என்றாள். தொண்ணூற்றுச் சொச்சம் படத்தில் முதல் தடவையாக ஒரு விதி உடைந்தது, அதை உடைத்தவள் அவள். பத்து நிமிடம் ஆயிற்று. இருபது ஆயிற்று. ஒவ்வொரு செருப்புச் சத்தத்துக்கும் அவள் தோள் ஒரு இம்மி நிமிர்வதை அவர் வியூஃபைண்டரில் பார்த்துக்கொண்டிருந்தார். சத்தம் தாண்டிப் போனதும் தோள் இறங்கும். நாற்பதாவது நிமிடத்துக்குக் கொஞ்சம் முன்னால் கார்டு நிறைந்து, சிவப்பு விளக்கு தானாக அணைந்தது.

"இடம் இல்ல," என்றார்.

"அழிச்சுட்டு மறுபடி போடுங்க," என்றாள் திரும்பாமலே. "பழக்கம்தானே."

திரையில் கார்டை அழிக்கவா என்ற கேள்வி நின்றது. பழைய படங்கள் எல்லாம் கம்ப்யூட்டரில் ஏறிவிட்டன, அந்தக் கார்டில் இருந்தது இந்த நாற்பது நிமிடம் மட்டும்தான், யாரும் வராத நாற்பது நிமிடம். அவர் ஆம் என்பதை அமுக்கினார். அவள் முதுகு அப்படியே இருந்தது. மறுபடி ஆரம்பத்திலிருந்து எடுக்க ஆரம்பித்தார்.